திரைவழித் தமிழ்: முறைக்கு ஒரு மதிப்பீடு

இணையவழிக் கற்பித்தல் பயன் தந்ததா என்ற விவாதம் சிங்கப்பூரில் பெரும்பாலும் 2020 ஏப்ரலில் தொடங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. ஜூன் விடுமுறை முன்னுக்குக் கொண்டுவரப்பட்டு மே 5ஆம் தேதியே தொடங்கியது. இடைப்பட்டவை நான்கு வாரங்கள். அந்த நான்கு வாரங்களை வைத்து இணையக் கல்வியைக் கொண்டாடியவர்களும் உண்டு, ஒதுக்கித் தள்ளியவர்களும் உண்டு. இரு தரப்பும் கையில் வைத்திருந்த சான்று வழக்குக்குப் பொருந்தாதது. சார்ல்ஸ் ஹாட்ஜஸ் முதலிய அமெரிக்கக் கல்வியாளர்கள் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். நெருக்கடியில் அவசரமாகத் திரைக்கு மாற்றிய பாடம் வேறு, தொடக்கத்திலிருந்தே திரைக்கென வடிவமைத்த பாடம் வேறு. முதலாவதன் குறைகளை இரண்டாவதன் கணக்கில் எழுதுவது முறையல்ல.

ஆகவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். எந்த முறை, எந்தப் பாடத்துக்கு, எந்த மாணவருக்கு என்று கேட்டால்தான் விடைக்குப் பொருள் இருக்கும். நான் இங்கே தமிழ்ப் பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். கணிதத்தில் நெடுநாள் மறைந்திருக்கக்கூடிய முறைக்குறை மொழிப்பாடத்தில் விரைவில் வெளிப்பட்டுவிடும். பேசத் தெரியாத மாணவரால் பேசத் தெரிந்தவர்போல் நடிக்க முடியாது.

இந்த மதிப்பீட்டைச் சிங்கப்பூரின் மேற்கிலுள்ள ஜூரோங்கிலிருந்து தொடங்குவது பொருத்தம். இந்நாட்டின் பள்ளி ஆசிரியர்கள், தமிழாசிரியர்கள் உட்பட, பயிற்சி பெறும் தேசியக் கல்விக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இங்குள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்குகிறது. 2007இல், தொழில்நுட்பவழிக் கற்பித்தலைச் சோதிக்கும் ‘எதிர்காலப் பள்ளி’களாக முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பள்ளிகளில் ஜூரோங் உயர்நிலைப் பள்ளியும் ஒன்று. அதற்கும் முன்பு, 2003 மார்ச் 27 அன்று சார்ஸ் நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோதே, வகுப்பறை இல்லாமல் பாடம் நடத்துவது எப்படி என்ற கேள்வி கல்வித் துறைக்குள் வந்துவிட்டது. எனவே 2020இல் சிங்கப்பூர் வெறுங்கையோடு நின்றது என்று சொல்ல இடமில்லை. கருவிகள் இருந்தன, பயிற்சி இருந்தது, ஆய்வும் இருந்தது. அவை தமிழ்ப் பாடத்தின் முறையாக உருப்பெற்றனவா என்பதே ஆராய வேண்டியது.

அளவுகோலை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரிச்சர்ட் கிளார்க் 1983இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஊடகம் என்பது மளிகைப் பொருளை ஏற்றிவரும் வண்டி போன்றது, வண்டியை மாற்றுவதால் உணவின் சத்து மாறாது என்று வாதிட்டார். கற்றலை உண்டாக்குவது முறைதான், ஊடகமன்று என்பது அவர் முடிவு. ராபர்ட் கோஸ்மா இதை மறுத்தார். சில முறைகளைச் சில ஊடகங்களில் மட்டுமே நிறைவேற்ற முடியும் என்பது அவர் வாதம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வழக்கில் இருவரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்வித் துறைக்காக பார்பரா மீன்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நேரடியும் இணையமும் கலந்த பாடம் தனி நேரடிப் பாடத்தைவிடச் சற்று மேலான பலன் தந்ததாகக் காட்டியது. அதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். கலப்பு முறையில் பயின்றவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்தன என்ற அதே ஆய்வின் எச்சரிக்கையை மேற்கோள் காட்டுவோர் குறைவு. திரை வென்றது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

சிங்கப்பூரின் உட்கட்டமைப்பைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அங்கே சாதனை ஐயத்துக்கு இடமற்றது. கல்வி அமைச்சின் இணையவழி மாணவர் கற்றல் தளம் 2018இலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. முழு வீட்டுக்கற்றல் காலத்தில் ஏறத்தாழ 20,000 மடிக்கணினிகளும் கைக்கணினிகளும் இரவல் தரப்பட்டன. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற இலக்கு 2028லிருந்து 2021க்கு முன்னிழுக்கப்பட்டது. ஊடுருவிகள் ஒரு வகுப்புக்குள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டியதால் ஏப்ரல் 9 அன்று ஸூம் பயன்பாடு நிறுத்தப்பட்டு, பாதுகாப்பு அமைப்புகளுடன் சில நாள்களில் மீண்டது. வருந்தத்தக்க நிகழ்வுதான். ஆனால் அது கருவியின் குறை, விரைவில் சரிசெய்யப்பட்ட குறை. முறையின் குறைகள் அவ்வளவு விரைவில் தீர்வதில்லை.

முறைக்கு வருவோம். இணையப் பாடத்தின் வழக்கமான வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது: விளக்கக் காணொளி, அதன் கீழ் சில வினாக்கள், உடனே மதிப்பெண். இதன் நிறையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கற்றதை நினைவிலிருந்து மீட்டெடுக்கச் செய்யும் வினாக்கள், மறுபடி மறுபடி வாசிப்பதைவிட நீடித்த நினைவைத் தருகின்றன என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் உறுதியாகக் காட்டினார்கள். சொல்வளம், எழுத்துப்பிழை, வேற்றுமை உருபு, புணர்ச்சி ஆகியவற்றுக்கு இம்முறை நன்றாகவே பொருந்துகிறது. வகுப்பில் ஆசிரியர் முப்பது பயிற்றேடுகளைத் திருத்தி முடிக்கும்வரை காத்திருந்த மாணவருக்கு, தான் செய்த தவறு அந்த நொடியிலேயே தெரிவது சிறிய நன்மையன்று. இந்த வடிவத்தின் குறை அதன் வரிசையில் இருக்கிறது. விளக்கம் எப்போதும் முதலில் வருகிறது. மாணவர் தாமாக முயன்று திணறுவதற்கு இடம் இருப்பதில்லை.

இந்த வரிசையைக் கேள்விக்கு உட்படுத்திய ஆய்வு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது அன்று. மனு கபூர் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளின் கணித வகுப்புகளில் செய்து பார்த்தது அது. புதிய கருத்தைக் கற்பிப்பதற்கு முன்பே அதைக் கோரும் சிக்கலை மாணவர் கையில் கொடுத்துவிடுவது. அவர்கள் பல வழிகளில் முயல்வார்கள், பெரும்பாலும் தோற்பார்கள். அதன் பிறகே ஆசிரியர் அவர்களுடைய விடைகளையே எடுத்து ஒப்பிட்டு விளக்குவார். கபூரும் தன்மய் சின்ஹாவும் 2021இல் 166 ஒப்பீடுகளைத் தொகுத்து ஆராய்ந்து, இவ்வரிசை 0.36 திட்ட விலக்க அளவுக்கு மேம்பட்ட பலன் தந்ததாகக் கண்டனர். தொடக்கப்பள்ளி வயதினருக்கு இந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது தொடக்கநிலைத் தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய வரம்பு.

இங்கே கோஸ்மாவின் பாதி நியாயம் உயிர்பெறுகிறது. எல்லா மாணவர்களின் முதல் முயற்சிகளையும் ஒரே நேரத்தில் திரட்டி, பெயர் மறைத்து, அருகருகே வைத்துக் காட்டுவது கரும்பலகையில் கடினம், திரையில் எளிது. மாணவர் கற்றல் தளத்தில் அதற்கான வசதி உண்டு. ஒரு படத்தைப் பார்த்து ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற தமிழில் இரண்டு வாக்கியம் எழுதட்டும். இருபது விடைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒரே காட்சியை ஒருவர் செய்வினையிலும் இன்னொருவர் செயப்பாட்டுவினையிலும் எழுதியதால் பொருள் எப்படி நகர்ந்தது என்று ஆசிரியர் பேசட்டும். இது இலக்கண விளக்கக் காணொளியைவிட மேலான பாடம். தளம் இதற்கு இடம் தருகிறது, ஆய்வு ஆதரவு தருகிறது. காணொளியும் வினாவும் என்ற வடிவத்துக்குப் பாடம் மீண்டும் மீண்டும் திரும்பிப்போவதற்குத் தயாரிப்பு எளிமையைத் தவிர வேறு நியாயம் இல்லை.

எழுத்தில் திரைக்குச் சாதகமான வாதம் இவ்வளவு இருக்கிறது. பேச்சில் நிலைமை வேறு, மதிப்பீடு கடுமையாக வேண்டிய இடமும் அதுதான். சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியின் அண்மை வரலாறே பேச்சை மீட்கும் முயற்சி. 2005ஆம் ஆண்டு பாடத்திட்ட மறுஆய்வு, எழுத்துத்தமிழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த வகுப்பறைக்குத் தரமான பேச்சுத்தமிழைக் கொண்டுவந்தது. 2010இல் பணியைத் தொடங்கிய தாய்மொழிப் பாட மறுஆய்வுக் குழு ஒரு படி மேலே சென்றது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கோடு பேச்சுவழிக் கருத்துப்பரிமாற்றத்தையும் எழுத்துவழிக் கருத்துப்பரிமாற்றத்தையும் தனித்திறன்களாகச் சேர்த்தது. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போதாது, எதிரிலிருப்பவர் சொன்னதற்கு அந்த நொடியில் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பது அதன் பொருள். இணையவழித் தமிழை வெளியாரின் அளவுகோலால் அளக்க வேண்டியதில்லை. நாமே ஏற்றுக்கொண்ட இந்த அளவுகோல் போதும்.

பேசுதலில் திரை நன்றாகத் தேறுகிறது. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் மாணவர் தம் குரலைத் தனியே பதிவு செய்து, கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் அழித்து மறுபடி பேசலாம். ஆசிரியர் ஒவ்வொரு பதிவையும் கேட்டு ழகர, லகர, ளகர ஒலிப்பைத் தனித்தனியே திருத்தலாம். வகுப்பறையில் எந்த ஆசிரியருக்கும் கிடைக்காத வாய்ப்பு இது. வாய்மொழித் தேர்வே காணொளியைப் பார்த்துப் பேசுவதாக அமைந்திருப்பதால் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பொருத்தமும் இருக்கிறது.

பேச்சுவழிக் கருத்துப்பரிமாற்றத்தில் அதே திரை தோற்கிறது. தோல்விக்குக் காரணம் ஆசிரியரின் திறமைக்குறைவு அன்று. காணொளிச் சந்திப்பின் பொது அறை ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் தெளிவாகக் கடத்தும். இருவர் சேர்ந்து பேசினால் மென்பொருள் ஒன்றை அமுக்கிவிடும். இருபது பேர் வகுப்பில் அரை மணி நேரம் முழுவதையும் மாணவருக்கே விட்டுக்கொடுத்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். மற்ற நேரமெல்லாம் ஒலிவாங்கியை அடைத்துவைத்துக் காத்திருப்பதுதான். நேரடி வகுப்பில் பத்து இணைகள் ஒரே நேரத்தில் பேசலாம். அந்த இரைச்சலுக்கு நடுவே நடக்கும் ஆசிரியர், எந்த இணை ஆங்கிலத்துக்கு வழுக்கிவிட்டது என்பதைப் பாதிச் செவியாலேயே பிடித்துவிடுவார். திரையில் மாணவரைச் சிறுகுழு அறைகளுக்குப் பிரித்தால் பேச்சு நேரம் கூடுகிறது, ஆசிரியரின் செவி குறைகிறது. அவர் ஓர் அறையில் இருக்கும்போது மற்ற நான்கு அறைகளில் தமிழ் ஒலிக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒலிக்காது. இளையர் இருவர் கண்காணிப்பின்றிப் பேசும் மொழி எது என்பதை ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி நிலையத்தில் பள்ளி விடும் நேரத்தில் ஐந்து நிமிடம் நின்றால் யாரும் அறிந்துகொள்ளலாம்.

இதோடு இணைந்தது வீட்டு மொழிச் சிக்கல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியரில் 59.2 சதவீதத்தினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். குடியிருப்பாளர் முழுத்தொகையில் வீட்டில் முதன்மையாகத் தமிழ் பேசுவோர் 2.5 சதவீதமே. கணிதப் பாடத்தை வகுப்பறையிலிருந்து ஜூரோங் வெஸ்ட் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினால் பாடம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். தமிழ்ப் பாடத்தை அதே மேசைக்கு மாற்றும்போது, பல பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் தமிழ் பேசக் கிடைத்திருந்த ஒரே இடம் மூடப்படுகிறது. பக்கத்தில் தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீட்டில் இழப்பு குறைவு. தாயும் தந்தையும் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்து ஆங்கிலத்திலேயே சோறு பரிமாறும் வீட்டில் இழப்பு முழுமை. வீட்டிலிருந்து கற்றல் என்ற ஏற்பாடு எல்லாப் பாடத்துக்கும் ஒரே வார்ப்பில் வகுக்கப்பட்டது. தாய்மொழிப் பாடத்துக்கு வீடு பொருள்படும் விதமே வேறு என்பதை அந்த வார்ப்பு கணக்கில் கொள்ளவில்லை. என் பார்வையில் அதன் மிகப் பெரிய கருத்துக்குறை இது.

இழப்பு சமமாகப் பரவுவதில்லை என்பதற்கு வெளியிலும் சான்று உண்டு. நல்ல இணைய வசதி கொண்ட நெதர்லாந்தில் எட்டு வாரப் பள்ளிமூடல், ஓராண்டுக் கற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்னடைவை ஏற்படுத்தியது என்றும், படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் அது 60 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது என்றும் எங்ஸெல் குழுவினரின் 2021ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. தமிழகச் சான்று இன்னும் கூர்மையானது. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஊரகத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்தார்கள். 2021 டிசம்பரில் பின்னடைவு கணிதத்தில் 0.7 திட்ட விலக்கம், தமிழில் 0.34. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, நோய்க்காலம் முழுவதும் பாடங்களை ஒளிபரப்பியது. ஒருவழி ஒளிபரப்பால் தடுக்க முடியாத சரிவை, மாலையில் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் ஒரு பகுதி சரிசெய்தார்கள். பதில் சொல்லும் மனிதர் திரும்பி வந்ததும் கற்றலும் திரும்பி வந்தது. இன்னொரு செய்தி, தமிழகத்தில் மொழியின் இழப்பு கணித இழப்பில் பாதியளவே என்பது. காரணத்தை அந்த ஆய்வு நிறுவவில்லை. என் ஊகம் இது: பள்ளி மூடியிருந்தாலும் அங்கே வீடும் தெருவும் தமிழ் பேசிக்கொண்டிருந்தன. அந்தக் காப்பு ஜூரோங்கில் இல்லை. ஆகவே தமிழகக் கணக்கைப் பார்த்து, மொழிப்பாடம் எப்படியும் தப்பித்துக்கொள்ளும் என்று இங்கே ஆறுதல் கொள்ள முடியாது.

எதிர்வாதம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நோய்க்காலத்துக்குப் பின் நடந்த 2022 பீசா என்னும் அனைத்துலக மாணவர் மதிப்பீட்டில் சிங்கப்பூர் மூன்று துறைகளிலும் முதலிடம் பெற்றது. கணிதம் 569லிருந்து 575ஆகவும் அறிவியல் 551லிருந்து 561ஆகவும் உயர்ந்தன. பின் எங்கே இழப்பு என்று கேட்கலாம். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் இது வலுவான விடைதான், ஒத்துக்கொள்கிறேன். அதே மதிப்பீட்டில் வாசிப்பு 549லிருந்து 543க்கு இறங்கியது. அந்த வாசிப்பும் ஆங்கில வாசிப்பு. தமிழைப் பற்றி பீசா சாட்சி சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டுத் தேசியத் தேர்வுகளையும் சாட்சிக்கு அழைக்க இயலாது. அவ்வாண்டு பாடங்களின் இறுதிப் பகுதிகள் தேர்விலிருந்து நீக்கப்பட்டன. மாணவர் நலன் கருதி எடுத்த நியாயமான முடிவு அது, ஆயினும் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடும் வழியை அது அடைத்துவிட்டது.

நெருக்கடி முடிந்தபின் நிலைபெற்றது கலப்புக் கற்றல். 2021இன் மூன்றாம் தவணையிலிருந்து படிப்படியாக, மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்றல் உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் கால அட்டவணையின் பகுதியாயிற்று. மாணவர் தாமே தேர்ந்து கற்க அந்நாளில் நேரம் ஒதுக்கப்படுகிறது. நோக்கம் உயர்ந்தது. 2005இலிருந்து ‘குறைவாகக் கற்பி, நிறைவாகக் கற்கட்டும்’ என்று பேசிவந்த கல்விமுறைக்கு இது தர்க்கரீதியான அடுத்த படி. ஆயினும் தற்சார்புக் கற்றலை விளைவாக எதிர்பார்க்கும் இந்த ஏற்பாடு அதையே முன்நிபந்தனையாகவும் வைக்கிறது. தாமே திட்டமிட்டுப் படிக்கத் தெரிந்த மாணவர் அந்த நாளில் முன்னேறுவார், தெரியாதவர் பின்தங்குவார். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்தநிலை இணையப் படிப்புகளில் 2017-18ஆம் ஆண்டு முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களிடமே நிலை இதுவென்றால், பதினான்கு வயது மாணவர் விருப்பமில்லாத பாடத்தைத் தாமே தேடிக் கற்பார் என்பதற்கு என்ன ஆதாரம்? மாதம் இரண்டு நாள் என்பது சிறு அளவு, பள்ளியின் மேற்பார்வையும் உண்டு, ஆகவே தீங்கு பெரிதாக இராது என்பது உண்மை. பயனும் பெரிதாக இராது.

ஓரிடத்தில் மட்டும் தயக்கமின்றி இணையத்தின் பக்கம் நிற்கிறேன். தமிழ் மாணவர் தொகை சிறியது, தீவெங்கும் சிதறியது. போதிய எண்ணிக்கை இல்லாத பள்ளிகளின் மாணவர் பாடம் முடிந்தபின் வேறொரு நிலையத்துக்குப் பயணம் செய்கிறார்கள். பூன் லேயிலிருந்து பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பி வரவும் அவ்வளவே. களைத்துப்போய் வந்து உட்காரும் மாணவருக்கு வாரத்தில் ஒரு பாடத்தையாவது நான்கைந்து பேர் கொண்ட சிறு இணைய வகுப்பாகத் தருவது முறையிலும் நேர்த்தியானது. நான்கைந்து பேர் என்றால் ஒற்றைக் குரல் தடை பெரிதும் தளர்ந்துவிடும், ஆசிரியரின் செவியும் அங்கேயே இருக்கும்.

என் தீர்ப்பு இதுதான். இணையவழித் தமிழ்க் கற்பித்தல் எழுத்துப் பயிற்சியிலும் ஒலிப்புத் திருத்தத்திலும் நேரடி வகுப்புக்கு ஈடானது, சில இடங்களில் மேலானது. உரையாடலில், முழு வகுப்பைத் திரையில் உட்காரவைத்து நடத்தும் வடிவம் பாடத்திட்டமே வகுத்த தரத்தை எட்டவில்லை, எட்டும் வாய்ப்பும் அதன் அமைப்பில் இல்லை. ஆகவே வீட்டிலிருந்து கற்கும் நாளில் தமிழ்ப் பாடத்துக்குக் குரல் பதிவும் எழுத்தும் சிறுகுழுவும் போதும். நேரடி வகுப்பின் நேரத்தைக் காணொளி பார்ப்பதற்கும் பயிற்சித்தாள் நிரப்புவதற்கும் செலவிடுவதை நிறுத்திப் பேச்சுக்கே ஒதுக்க வேண்டும்.

அடுத்த சோதனை அருகில் வந்துவிட்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட 2030க்கான கல்வித் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தோடு, மாணவர் கற்றல் தளத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நுழைந்திருக்கின்றன. கணிதத்துக்குத் தகவமைப்புக் கற்றல், ஆங்கிலத்துக்கு எழுத்துப் பின்னூட்டம் என்று தொடங்கிய வரிசை அது. தமிழ் வாய்மொழிப் பதிவுகளைத் திருத்தும் பொறுப்பு அத்தகைய கருவி ஒன்றிடம் ஒப்படைக்கப்படும்போது, தமிழாசிரியர்கள் கேட்க வேண்டியது அது எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது என்பதன்று. “நேத்து கடைக்குப் போனேன்” என்று இயல்பாகப் பேசிய மாணவரிடம், “நேற்று கடைக்குச் சென்றேன்” என்று திருத்திச் சொல்லும்படி அது கேட்குமா? கேட்குமானால், 2005இலிருந்து பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் தேடிக்கொடுத்த இடம் ஒரு மென்பொருளின் இயல்புநிலை அமைப்பால் பறிபோகும். எழுத்துத்தமிழுக்கும் தரமான பேச்சுத்தமிழுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்து, இரண்டையும் தமிழாசிரியர்களே சோதித்து ஒப்புதல் தந்த பிறகே அத்தகைய கருவி மாணவரிடம் போக வேண்டும்.